முணுமுணுப்புக்கு இறங்கிய தாராக்கள்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, டீச்சர். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எதை முதலில் சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. போன வாரம் வனத்துறைக்காரர்களிடம் பேசப் போய்த்தான் என் பெயர் அவர்கள் நோட்டில் ஏறிவிட்டது. அதனால் எங்கேயாவது தப்பாகப் போனால் கையைக் காட்டுங்கள். நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் டீச்சர் இல்லையா? பாங்கில் வேலையா? இருக்கட்டும். குடையை மடியில் நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், டீச்சர் என்றே என் மனதில் விழுந்துவிட்டது. இனி மாற்ற வராது. எங்கே இறங்குகிறீர்கள்? அணைக்கட்டா? கடைசி நிறுத்தம். நல்லது. ரொம்ப நல்லது.

கூடைக்குள் சத்தம் கேட்டதா? கேட்டிருக்காது. கேட்டதா? கத்தரிக்காய் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். கத்தரிக்காய் அப்படிச் சத்தம் போடாதே. தாரா, டீச்சர். குளத்துத் தாரா. நீங்கள் காட்டு வாத்து என்பீர்கள். மெல்லப் பேசுவோம், கண்டக்டர் பின்னால்தான் நிற்கிறார். பயப்படாதீர்கள், கடிக்காது. நான் பேசினால் மட்டும் பதில் சொல்லும். நான் பேசாவிட்டால் இது இருப்பதே தெரியாது. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் எங்கள் சம்பந்தியால் வந்தது. என் மகள் சுகந்தியைத் தை மாதம் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமான பையன், வாயைத் திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அப்பா திறப்பார். திருமேனி என்று பெயர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்கிறார், "சம்மந்தி, உங்க ஊருக்குப் பொண்ணெடுக்க வந்ததே குளத்துத் தாராவ நம்பித்தான். மாசியில மறுவிருந்துக்கு வருவேன். தாராக் கறி இல்லன்னா இலையில உக்கார மாட்டேன், பாத்துக்கிடும்."

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் என் வீட்டுக்காரர் நெஞ்சில் கையை வைத்து, "மாசி முடியறதுக்குள்ள உங்க இலையில தாரா" என்று சொல்லிவிட்டார். நூறு பேர் கேட்டார்கள். இவர் ஆயுசில் ஒரு தவளையைக்கூடப் பிடித்ததில்லை. அரிசி மில்லில் எடை போடுகிறவர். அதோடு, தாராவைப் பிடித்தால் ஜெயில் என்று குளத்துக் கரையிலேயே பலகை நட்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி நான் வாசித்துக்கூடக் காட்டினேன். "அது வெளியூர்க்காரனுக்குத்தான்ட்டி" என்றார்.

வாத்துக்காரனிடம் வளர்ப்பு வாத்து ஒன்று வாங்கிக் குழம்பு வைத்துவிடலாம் என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதாவது, வழக்கம்போல் இருந்தார். மூன்று நாள் கழித்து மகளிடம் போனில் சொல்லும்போதுதான் அது கோபம் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் குளத்தை நீங்கள் பார்த்ததில்லை. குளத்துக்குள்ளேயே பாதிக்குக் கருவேலங்காடு. இந்த வருஷம் மழை கொட்டியதில் மாசி பிறந்த பிறகும் மரங்களுக்கு இடுப்பளவு தண்ணீர் நின்றது. வெளித்தண்ணீரில் தாரா தங்காது, பருந்துக்குப் பயந்து மரத்து ஊடே நிழலில்தான் இறங்கும். அங்கே போய்ப் பிடிக்க வேண்டும் என்றால் நாமும் அந்தத் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கால் நனைந்தாலே சளி பிடிக்கிற மனுஷன் இவர். பிரஷர் மாத்திரை போடுகிறவர்.

துணைக்கு உச்சிமாகாளி வந்தான். இவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். எந்த மோட்டாரும் அவன் பார்த்த பிறகு ஓடியதில்லை, ஆனால் ஏன் ஓடவில்லை என்று அவனைப் போல விளக்க ஆளில்லை. தாராவைப் பற்றியும் அவனுக்கு எல்லாம் தெரியும்.

இவர் முதலில் முப்பது சுரைக்குடுக்கை செய்தார். காய்ந்த சுரைக்காய்க்குத் தார் பூசி, வெள்ளைப் பெயின்ட்டில் கண் வைத்து, அடியில் செங்கல் துண்டு கட்டித் தண்ணீரில் மிதக்க விட்டார். மேலே பறக்கிற தாரா, நம் ஆட்கள் கீழே இருக்கிறார்கள் என்று நம்பி இறங்க வேண்டுமாம். ஒன்றுகூட இறங்கவில்லை. மேலே வட்டம் போட்டு, பார்த்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டன.

உச்சிமாகாளி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணாச்சி, ஐப்பசியில வார தாரா வெள்ளந்தி. முப்பது குடுக்கயப் பாத்தா கல்யாண வீடுன்னு எறங்கிரும். இது மாசித் தாரா. நாலு மாசமா ஒவ்வொரு குளத்துலயும் குடுக்கயப் பாத்துருக்கு, கண்டவன் ஊதுன பீப்பியெல்லாம் கேட்டுருக்கு. இப்பக் கூட்டத்தக் கண்டா அதுக்குச் சந்தேகம் வரும். நாலே நாலு போடும். அதுவும் சொத்துத் தகராறுல பிரிஞ்ச அண்ணந்தம்பி மாதிரி தள்ளித் தள்ளிப் போடும்."

நாலு போட்டார்கள். ஒன்றில் நூலைக் கட்டி மரத்துக்குப் பின்னால் நின்று சுண்டினார்கள். அசையாத தண்ணீரைத் தாரா நம்பாதாம், கொஞ்சம் அலை வேண்டுமாம். அண்ணாந்து பார்க்கக் கூடாது, முகம் பளபளக்கும் என்று சேறு பூசிக்கொண்டார்கள். இவருக்கு முகத்தைவிடத் தலைதான் பளபளப்பு. அதற்குத் தாமரை இலையைக் கவிழ்த்து, தாடைக்குக் கீழே கயிறு கட்டிவிட்டான் உச்சிமாகாளி. இரண்டு மரத்துக்கு நடுவே வலை. ஒரு கயிற்றை இழுத்தால் விழும்.

இத்தனையும் செய்து பூவரச இலையில் பீப்பி சுருட்டி ஊதினார்கள். அதைக் கேட்டுக் கரையில் நின்ற ஒரு கிடா முட்ட வந்தது. தாரா வரவில்லை.

மூன்றாம் நாள் காலை. இவர் மாத்திரையைப் போடாமலே போய்விட்டார். நான் என்ன செய்வேன்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாத்திரையையும் ஒரு தூக்குவாளியில் காப்பியையும் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். சும்மாதான் போனேன். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போயிருப்பேன். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள் இல்லையா? குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது, அதைப் பார்க்க ஆளில்லை, மோட்டார்க்காரனும் வீட்டுக்காரனும் சேர்ந்து இங்கே தாமரை இலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று. அவ்வளவுதான். உரக்கச் சொல்கிற பழக்கமே எனக்கு இல்லை.

தலைக்கு மேலே விர்ரென்று ஒரு சத்தம். நான் குனிந்துகொண்டேன். பன்னிரண்டு தாரா, டீச்சர். எண்ணினேன். என்னைச் சுற்றிப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒன்று என் தூக்குவாளியை ஒட்டி உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறது. நான் வீல் என்று கத்தினேன். அத்தனையும் எழுந்து போய்விட்டன.

மரத்துக்குப் பின்னாலிருந்து உச்சிமாகாளி தலையை நீட்டினான். அவன் கண்ணில் தண்ணீர். "மைனி, இப்பச் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க."

"எதச் சொல்ல?"

"அதான். குழா ஒழுகுறது."

"எதுக்கு? இப்ப வந்து அடைக்கப் போறியா?"

"அடைக்கேன் மைனி, அடைக்கேன். நீங்க சொல்லுங்க. இதே சத்தம், இதே ராகம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இருபத்தேழு வருஷமாகப் பார்க்கிறார், ஆனால் அப்படிப் பார்த்ததில்லை. "சொல்லுட்டி" என்றார். "மெதுவாச் சொல்லு. நாங்க கேக்கோம்."

டீச்சர், இந்தக் கூடையைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்கிறேன். முழங்கால் கடுக்கிறது. உங்கள் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் இருக்கட்டும். துண்டு நழுவினால் மட்டும் இழுத்து மூடிவிடுங்கள்.

மறுநாள் விடியும்போதே என்னைக் கூட்டிப் போனார்கள். எனக்குப் பயம்தான். பலகையில் ஜெயில் என்று எழுதியிருக்கிறதே. "நீ தாராவத் தொடவா போற? நீ பாட்டுக்குப் பேசப் போற. பேசுறதுக்கு எந்த ஊர்லட்டி ஜெயிலு?" என்றார். அதுவும் சரிதானே என்று இருந்தது. பிறகு, சும்மா சொல்லக் கூடாது, இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உச்சிமாகாளி எனக்குப் பாடம் எடுத்தான். எந்தக் குறைக்கு எந்தத் தாரா வருகிறது என்று அவன் கணக்காகப் பார்த்துவைத்தான். என் நாத்தனார் எங்கள் மாமியாரின் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போய் இன்றுவரை திருப்பித் தராத கதையைச் சொன்னால் தூரத்தில் பறக்கிற கூட்டம் திரும்புகிறது. அதில் என் குரல் கொஞ்சம் ஏறுமாம். திரும்பிய கூட்டம் மரத்துக்கு மேலே வந்ததும் குத்துவிளக்கை விட்டுவிட்டுக் குழாய்க்கு வர வேண்டும். குழாய்க்குத்தான் இறங்கும். என் அம்மா செத்ததைச் சொன்னால் பறந்து போய்விடும். "அழுவாச்சி ஆகாது மைனி. தாராவுக்குச் சலிப்புத்தான் பிடிக்கு. இங்க எரை கெடைக்கு, ஒரு பொம்பள நிம்மதியாக் கொற சொல்லிக்கிட்டுத் திங்கா, அப்பம் பயமில்லன்னு அதுக்குத் தோணணும்."

"அது வட்டம் போட்டு உங்களப் பாத்து வரும்போது பேசாதீங்க. முதுகக் காட்டித் திரும்பிப் போவும் பாருங்க, அப்பப் பேசுங்க. உடனே திரும்பும்."

"அது எனக்குப் பழக்கம்தான்" என்றேன். "உங்க அண்ணன் முதுகக் காட்டும்போதுதான நான் பேசுறதே."

"எக்காரணம் கொண்டும் கொரல ஒசத்தக் கூடாது. நேத்து வீல்னீங்க, பன்னெண்டும் போச்சு. வீடு பத்தி எரிஞ்சாலும் இதே ராகம்தான். சரியா?"

சரி என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான்.

அன்றைக்கு ஏழு வந்தது. வலையை இவர் முன்னாடியே இழுத்துவிட்டார். அதற்கு மறுநாள் இன்னும் நாலு பேர் பார்க்க வந்தார்கள், டீக்கடைக்காரர், பால் சொசைட்டிக்காரர் எல்லாம். ஆறு ஆண்பிள்ளைகள், முகத்தில் சேறு பூசி, ஆளுக்கொரு மரத்துக்குப் பின்னால் இடுப்பு வரை தண்ணீரில் நின்றார்கள். மூச்சு விடவில்லை. நான் நடுவில் நின்று ஒரு மணி நேரம் பேசினேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. குத்துவிளக்குக் கதையில் நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது என் வீட்டுக்காரர், "பெறகு?" என்றார்.

பிறகு என்று கேட்டார், டீச்சர்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். "சரி" என்பார், "விடு" என்பார், "காலையில பாப்போம்" என்பார். பிறகு என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தாராவுக்காகத்தான் கேட்டார், எனக்குத் தெரியும். தெரியாமலா? ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் என்ன சொல்லலாம் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். அதுதான் அந்த இன்னொரு காரணம். இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? நீங்கள் கையைக் காட்டவில்லையே.

நான் இறங்கத் தொடங்கிய நான்காம் நாள்தான் வினை. முந்தின கோடையில் ஜேசிபி விட்டுக் குளத்து வண்டலைத் தோண்டி வயலுக்கு அள்ளினார்கள். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தண்ணீருக்குள் யாருக்குத் தெரியும்? வழக்கமான இடத்தில் தாராவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, பத்தடி தள்ளி நில்லுங்கள் மைனி என்றான் உச்சிமாகாளி. நின்றேன். குத்துவிளக்கைத் தொடங்கினேன். கால் புதைகிறது.

முதலில் கணுக்கால். பிறகு முழங்கால். இடுப்பில் இருந்த தண்ணீர் விலாவுக்கு வந்துவிட்டது. காலை உருவப் பார்க்கிறேன், வரவில்லை. மேலே ஒரு பெரிய கூட்டம் அப்போதுதான் திரும்புகிறது.

"காலு புதையுது" என்றேன். மெதுவாகத்தான், அதே ராகத்தில்.

மரத்துக்குப் பின்னாலிருந்து உச்சிமாகாளி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"காலு புதையுதுங்க. சேத்துக்குள்ள போயிட்டே இருக்கேன். யாராவது வந்து கையப் பிடிங்க."

கூட்டம் தாழ இறங்கியது. இருபது இருக்கும். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு கூட்டம். நான் கத்தியிருக்கலாம், டீச்சர். நீங்கள் இப்போது அதைத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் ஆறு பேர் விடியற்காலையிலிருந்து குளிரில் நிற்கிறார்கள். வீடு பற்றி எரிந்தாலும் இதே ராகம் என்று சொல்லிவைத்திருக்கிறான். நான் வேறு சரி என்று சொல்லிவிட்டேன். பாழாய்ப்போன சம்பந்தி வேறு ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

"நான் சாவப் போறேன்" என்றேன். "தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டு. சுகந்திக்கு எழுதி வச்ச சங்கிலி அரிசிப் பானையில கெடக்கு. அத யாரும் எடுத்துராதீங்க. குழாய மாத்திருங்க."

எங்கள் குளத்தில் அப்படித் தாரா இறங்கி யாரும் பார்த்ததில்லை என்று இப்போதும் சொல்கிறார்கள். நூறு இருக்கும். இருநூறுகூட இருக்கும். தண்ணீரே தெரியவில்லை. என் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. தாமரை இலைக்குக் கீழே என் வீட்டுக்காரர் முகம் தெரிகிறது. கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிச் சந்தோஷமாகப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தார். வலை விழுந்தது. அதே நேரம் கரையிலிருந்து விசில்.

வனத்துறை.

தாரா ஒரு பக்கம் போயிற்று, ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம் போனார்கள். எது முந்திப் போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் அவ்வளவு வேகமாகப் போவார் என்று நான் நினைத்ததே இல்லை. என் வீட்டுக்காரர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆமாம், வலையை. நான் அங்கேயே நின்றேன். கழுத்துக்குத் தண்ணீர். சுற்றி நாலு சுரைக்குடுக்கை கண்ணை முழித்துக்கொண்டு மிதக்கிறது.

ஒரு பெண்பிள்ளைதான் வந்தது, காக்கி போட்டு. சுகந்தி வயது இருக்கும். கூட ஒரு ஆள். கருவேலங்கொப்பை நீட்டிப் பிடிக்கச் சொல்லி என்னை இழுத்துப் போட்டார்கள். உள்ளங்கை முழுக்க முள். அந்தப் பெண் நோட்டை எடுத்தது.

"அம்மா, இங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பொலம்பிக்கிட்டு இருந்தேம்மா."

"தண்ணிக்குள்ளயா?"

"வீட்ல யாரும் கேக்கறதில்ல."

அது கூட வந்த ஆளைப் பார்த்தது. அந்த ஆள் வானத்தைப் பார்த்தார். அந்தப் பெண் குடுக்கையைக் காட்டி, "இது என்ன?" என்றது.

"சொரக்காய்."

"சொரக்காய்க்கு எதுக்குக் கண்ணு?"

"கண்ணு படாம இருக்கத்தான்."

பொய்தான். அந்தப் பெண் என் பெயர், ஊர், தெரு எல்லாம் எழுதிக்கொண்டது. ஆவுடைத்தங்கம் என்று சொன்னேன். எழுதி, திருப்பி வாசித்தும் காட்டியது. "பொலம்புனதுக்குக் கேஸ் போட எங்க புஸ்தகத்துல எடமில்லம்மா. ஆனா உங்க வீட்ல ஒரு தாராவ, ஒரு எறகக் கண்டாக்கூட, வேற யாரையும் தேட மாட்டேன். உங்களத்தான் கூட்டிட்டுப் போவேன். ஜாமீன்கூடக் கெடைக்காது" என்றது. அதட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

சேறு சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தேன். இவர் முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்.

"என்ன விட்டுட்டு வந்துட்டீகளே!"

"நீ பின்னாலயேதான வந்த?"

"நான் எங்க வந்தேன்? கழுத்தளவு தண்ணியில நின்னேன்!"

"பேச்சுச் சத்தம் காதுல கேட்டுக்கிட்டேதான இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, டீச்சர். நிஜமாகவே அவருக்குக் கேட்டிருக்கிறது.

நான் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். நாலு வார்த்தை பேசியிருப்பேன், அடுக்களைக்குள்ளிருந்து "க்க், க்க்" என்று ஒரு குரல். வலையோடு சுருட்டியதில் ஒன்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. இதுதான். கவிழ்த்த கூடைக்குள் இருந்தது. இடது சிறகு கொஞ்சம் பிசகியிருந்தது. நான் பேசினால் பதில் சொல்கிறது, நிறுத்தினால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறது. தவிடும் பழைய சோறும் போட்டேன், ஆனால் அதற்காகக் கேட்கவில்லை. தின்று முடித்த பிறகும் கேட்டது.

"ஞாயித்துக்கிழம இத அறுத்துரு" என்றார் இவர். "சம்மந்தி முன்னால என் மானத்தக் காப்பாத்திட்ட" என்று தோளில் ஒரு தட்டும் தட்டினார்.

ஒரு இறகு என்றது அந்தப் பெண். அறுத்தால் எத்தனை இறகு! அதோடு, சொல்லத்தான் செய்வேன், குத்துவிளக்குக் கதையை முழுசாகக் கேட்ட ஒரே உயிர் அது. கறி நறுக்கும்போது அது என்னைப் பார்த்துப் பிறகு என்று கேட்டால்?

இதைப் பரணில் பழைய அண்டாவுக்குள் ஒளித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே பக்கத்து ஊரில் ஒரு கிழட்டுச் சேவல் வாங்கி, மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்டு, மூன்று மணி நேரம் வேகவைத்தேன். வேகவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. சம்பந்தி ஒரு துண்டை வாயில் போட்டு, இந்தப் பக்கம் மென்று, அந்தப் பக்கம் மென்று, கண்ணை மூடிக்கொண்டார்.

"இதான்யா தாரா. சேத்து வாசன வருது பாத்தியா. இந்த வாசனைய எவனும் வீட்ல வளத்துர முடியாது."

என் வீட்டுக்காரரும் மென்றார். "மாசித் தாரா கொஞ்சம் முறுக்காத்தான் இருக்கும், சம்மந்தி" என்றார். எல்லாம் தெரிந்தவர் மாதிரி. மாப்பிள்ளை மட்டும் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. தங்கமான பையன் என்று முதலிலேயே சொன்னேனே. மேலே பரணில் "க்க்" என்றது. பெருச்சாளி என்றேன்.

அதோடு முடிந்திருக்கும். நாங்கள் தின்றது சேவல், சேவலுக்கு ஏது கேஸ்? ஆனால் சம்பந்தி சும்மா இருக்கவில்லை. ஊருக்குப் போய், அவர்கள் ஊர் வாட்ஸ்அப்பில் குரலைப் போட்டுவிட்டார், சம்பந்தி வீட்டில் குளத்துத் தாரா தின்றேன், சேற்று வாசனை அப்படியே இருந்தது என்று. பெயர், ஊர் எல்லாம் சேர்த்து. அது சுற்றிச் சுற்றி எங்கள் டீக்கடைக்கே வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் டீக்கடைக்காரர் ஓடி வந்து சொல்கிறார், காக்கி போட்ட பெண் தெருப் பெயரை விசாரித்துக்கொண்டு போனதாம். நாளைக்கு வீட்டுக்கு வருமாம்.

யோசித்துப் பாருங்கள், டீச்சர். தாரா தின்றோம் என்று ஊரே சொல்கிறது. தின்னாத தாரா பரணில் உயிரோடு இருக்கிறது. சேவல் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் தலை குனிந்துபோகும், தாரா என்று சொன்னால் நான் ஜெயிலுக்குப் போக வேண்டும். குளத்தில் கொண்டுபோய் விடலாம் என்றால் உச்சிமாகாளி அங்கேதான் நிற்கிறான், என்னைக் கண்டால் "மைனி, ஒரே ஒரு தரம்" என்பான். சிறகு இப்போது சரியாகிவிட்டது. நேற்று அண்டாவிலிருந்து எழும்பிப் பரணில் முட்டிக்கொண்டது. தூரத்தில், என் குரல் எட்டாத இடத்தில், பெரிய தண்ணீராகப் பார்த்து விட்டுவிட்டால் இது பிழைத்துக்கொள்ளும். நானும் பிழைத்துக்கொள்வேன். நாளை அந்தப் பெண் பரணில் ஏறட்டும், அண்டாவைப் பார்க்கட்டும், எனக்கென்ன? அதனால்தான் அணைக்கட்டு பஸ்ஸில் ஏறினேன்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒரு அம்மா சொன்னார்கள், அணைக்கு முன்னால் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது, நோட்டு வைத்திருப்பார்கள் என்று. என் பெயர்தான் ஒரு நோட்டில் இருக்கிறதே. எல்லா நோட்டும் ஒரே அலமாரியில்தானே இருக்கும்?

கொஞ்சம் காலை நகர்த்துங்கள். கூடை நடைபாதையில் இடிக்கிறது, ஜன்னல் பக்கமாக, உங்கள் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். அப்படித்தான். காற்றும் வரும்.

உங்களைப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். படித்த முகம். குடை வேறு. அணைக்கரையில் ஷட்டருக்குப் பக்கத்தில் போகாதீர்கள், இழுப்பு அதிகம். புல் சரிவாக இறங்குகிற இடத்தில் துண்டை எடுத்துவிட்டுக் கூடையைச் சாய்த்தால் போதும், தானே நடந்து போய்விடும். போகாமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், உங்களுக்கும் வீட்டில் ஏதாவது இருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்கள். நன்றாகக் கேட்கும். ஆனால் குரலை உயர்த்தாதீர்கள்.

இதோ செங்கல்சூளை விலக்கு வந்துவிட்டது. என் தங்கை வீடு இங்கேதான். எழுந்திருக்காதீர்கள், கூடை சாய்ந்துவிடும். நான் இறங்கிவிட்டால் அது வாயே திறக்காது, நீங்கள் பயப்பட வேண்டாம்.

கண்டக்டர் ஏதாவது சொல்வாரோ என்று பார்க்கிறீர்களா? சொல்ல மாட்டார். ஏறினதும் கூடை யாருது என்று கேட்டார். நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஜன்னலோரம் இருக்கிற டீச்சருடையது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.